தினமும் பைபிள் வாசிக்காதவன் கிறிஸ்தவனே இல்லையாம்!

முத்துக்குளிப்பான்
ரெண்டு நாளாக எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரு பிரசங்கத் துண்டு சுற்றுகிறது. "காலையில் வேதத்தைத் திறக்காமல் காபி குடிக்கிறவன் கிறிஸ்தவனே அல்ல. பெரோயா பட்டணத்தாரைப் பாருங்கள், அப்போஸ்தலர் 17:11. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்தார்கள்" என்று முழங்குகிறார் ஒரு ஊழியர். என் மச்சான் அதை எனக்கு அனுப்பி, கீழே "இது உங்க ஆட்களுக்குத்தான்" என்று வேறு போட்டிருக்கிறான்.

சரி, 17:11ஐ நானும் எடுத்துப் பார்த்தேன். கத்தோலிக்கன் வீட்டிலும் பைபிள் இருக்கிறது ஐயா. அதில் "வீட்டில்" எங்கே வருகிறது? அதற்கு முந்தின வசனத்தில் பவுலும் சீலாவும் யூதர்களின் ஜெபாலயத்துக்குப் போனார்கள் என்று இருக்கிறது. வேதம் எழுதிய சுருள் இருந்தது ஜெபாலயத்தில். பெரோயாவில் எந்த வீட்டில் ஏசாயா சுருள் இருந்தது, யாராவது சொல்லுங்கள்.

பெரோயன்
பிரதர், பத்து வருஷமாக இந்தப் பெயரில் எழுதுகிறேன். என்னிடமே பெரோயாவைப் பற்றிப் பாடமா?

தினந்தோறும் என்று எழுதியிருக்கிறது. தினந்தோறும்! வாரத்துக்கு ஒரு நாள் பூசைக்குப் போய், சாமியார் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, வாசலில் நின்று கதை பேசிவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வசனம் கசக்கத்தான் செய்யும். வீட்டில் வாசித்தார்களா ஜெபாலயத்தில் வாசித்தார்களா என்பது சாக்கு. வாசித்தார்கள். தினந்தோறும். நீங்கள் வாசிக்கிறீர்களா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

முத்துக்குளிப்பான்
நான் வாசிக்கிறேனா என்பதை என் பங்குச் சாமியாரே கேட்டதில்லை, நீங்கள் யார் கேட்க?

கேள்வியை மாற்றாதீர்கள். பிரசங்கியார் சொன்னது "தங்கள் வீட்டில்". 1947இல் சாக்கடல் பக்கத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் ஏழு மீட்டருக்கு மேல் நீளம். தோலில் கையால் எழுதியது. ஒரே ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு. மோசேயின் ஐந்து புத்தகமான தோரா, தீர்க்கதரிசிகள், சங்கீதம் எல்லாவற்றையும் பெரோயாக்காரர் ஒவ்வொருவரும் பரணில் அடுக்கி வைத்திருந்தாரா? உபாகமம் 17:18 பாருங்கள். ராஜாவாக வருகிறவன் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது. ராஜாவுக்கே தனியாகக் கட்டளை போட வேண்டியிருந்தது என்றால் வீட்டுக்கு வீடு என்ன இருந்திருக்கும்?

நாசரேத் மருமகள்
இதில் ரெண்டு பேரும் கத்துவதற்கு என்ன இருக்கிறது? எங்கள் மாமியாருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூட வராது. ஆனால் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் வாசிக்க வாசிக்கக் கேட்டே சங்கீதத்தில் பாதி மனப்பாடம். 91ஆம் சங்கீதத்தில் ஒரு வார்த்தை தவறினால் கண்ணை மூடியபடியே திருத்துவார்கள். அவர்கள் கிறிஸ்தவள் இல்லை என்று அந்த ஊழியர் வந்து சொல்லட்டும், பார்க்கலாம்.

பெரோயன்
சகோதரி, உங்கள் மாமியாரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டாலும் தினந்தோறும் கேட்டார்கள் இல்லையா? அதைத்தான் நானும் சொல்கிறேன். நீங்கள் என் பக்கம்.

முத்துக்குளிப்பானுக்கு: வீட்டில் சுருள் இல்லை என்கிறீர்கள். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். ரதத்தில்! ஜெபாலயத்தில் அல்ல. அவரிடம் சொந்தமாகச் சுருள் இருந்தது. 2 தீமோத்தேயு 4:13, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டு வந்த புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவா என்று பவுல் எழுதுகிறார். சிறையில் இருக்கிறவர் மேலங்கியோடு சேர்த்துக் கேட்டது புஸ்தகங்களை. செபமாலையை அல்ல.

முத்துக்குளிப்பான்
செபமாலையை இழுக்காமல் உங்களுக்கு ஒரு பதிவும் போட வராதே!

அந்த மந்திரி யார்? கந்தாகே ராணியின் பொக்கிஷத்துக்கே தலைவர். இன்றைக்கு நிதியமைச்சர் மாதிரி. அவரிடம் சுருள் இருந்தால் பெரோயாவில் கூடாரம் தைக்கிறவனிடமும் இருந்ததா? அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். வாசிக்கிறது விளங்குகிறதா என்று சுவிசேஷகர் பிலிப்பு கேட்டதற்கு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறார். கையில் புத்தகம் இருந்தும் சபை வந்து விளக்க வேண்டியிருந்தது. எனக்காகவே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி பிரதர்.

பெரோயன்
பிலிப்பு சபையா? பிலிப்புவுக்கு ரோமாபுரியில் அலுவலகம் இருந்ததா?

தினந்தோறும் என்று எழுதியிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

வடலி
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. தினமும் வாசிப்பதுதான் அளவுகோல் என்றால் ஆறுமுக நாவலரை என்ன செய்வீர்கள்? பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். இங்கே எழுதுகிற எவரையும் விட அதிகம் வாசித்திருப்பார். வாசித்துவிட்டு என்ன செய்தார்? சைவத்தைக் காக்கப் புறப்பட்டார். வசனத்தை எடுத்து வசனத்துக்கே எதிராகப் பேச அவருக்குத் தெரிந்த அளவு பாதிரிமாருக்கே தெரியவில்லை.

ஆக வாசிப்பு வேறு, விசுவாசம் வேறு.

பெரோயன்
வடலி அண்ணை, நாவலரை இங்கே யார் கூப்பிட்டது? விசுவாசத்தோடு வாசிக்கிறவனைப் பற்றிப் பேசுகிறோம். சாத்தானுக்கும்தான் 91ஆம் சங்கீதம் தெரியும், வனாந்தரத்தில் இயேசுவிடமே சொன்னான்.

வடலி
நாவலரையும் சாத்தானையும் ஒரே பத்தியில் வைத்ததைக் குறித்துக்கொண்டேன்.

பெரோயன்
நான் அப்படிச் சொல்லவில்லை.

வடலி
மேலே இருக்கிறது.

தரங்கை லுத்தரன்
தாமதமாக வந்தேன். கத்தோலிக்க நண்பர் சுருள் இல்லை, சுருள் இல்லை என்கிறார். சரி, சுருள் காலம் போய் அச்சு வந்ததே, அப்போது என்ன செய்தீர்கள்? 1578இல் கொல்லத்தில் தமிழில் தம்பிரான் வணக்கம் என்ற ஞானோபதேசப் புத்தகத்தை அச்சிட்டார் உங்கள் அண்ட்ரிக் பாதிரியார். 1586இல் அடியார் வரலாறு அச்சானது. ஞானோபதேசத்துக்கு எழுத்து கிடைத்தது, புனிதர் கதைக்கு எழுத்து கிடைத்தது, மத்தேயுவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1714இல் நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலரும் அச்சில். அடுத்த வருஷம் புதிய ஏற்பாடு முழுசும். ஒன்பதே வருஷம். நீங்கள் 130 வருஷத்துக்கு மேல் என்ன செய்தீர்கள்?

பெரோயன்
ஆமென்! இதைத்தான் சொல்கிறேன்.

முத்துக்குளிப்பான்
பெருமை பேச வந்துவிட்டார் தரங்கை அண்ணன். நானும் பேசுகிறேன்.

1542இல் சவேரியார் எங்கள் கடற்கரைக்கு வந்தார். கையில் தமிழ்ப் பைபிள் இல்லை. விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பத்துக் கட்டளை, இவற்றைத் தமிழில் ஆக்கவைத்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அப்புறம் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்தான். கோவிலைப் பறித்தான். எங்கள் ஆட்கள் மதம் மாறினார்களா? இல்லை. புத்தகம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்ற விசுவாசம் அது. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்கிறாரா அந்தக் காபிப் பிரசங்கியார்?

வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள், 2 தெசலோனிக்கேயர் 2:15. வார்த்தையினாலாவது! இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டீர்கள்.

தரங்கை லுத்தரன்
கேட்டது அச்சைப் பற்றி. வந்த பதில் மணியைப் பற்றி.

முத்துக்குளிப்பான்
யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று 1522 முன்னுரையில் எழுதியவர் உங்கள் லுத்தர். வேதத்தின் மேல் அவ்வளவு மரியாதை.

தரங்கை லுத்தரன்
எழுதினார். ஆனால் புத்தகத்தை வெளியே எடுத்துப் போடவில்லை. பிந்தின பதிப்புகளில் அந்த வரியும் இல்லை. பாதியை மட்டும் சொல்வது உங்கள் பழக்கம், போன வருஷம் எங்கள் வேதத்தில் சேராத மக்கபேயர் புத்தகத்தைப் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

பெரோயன்
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் கணக்குச் சொல்கிறேன். வேதத்தில் 1189 அதிகாரம். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். காலையில் பதினைந்து இருபது நிமிஷம். சீரியல் பார்க்க நேரம் இருக்கிறது, மீம் அனுப்ப நேரம் இருக்கிறது. கத்தோலிக்க நண்பருக்கு இன்னொன்று: 1965இல் உங்கள் ஆயர்களெல்லாம் கூடிய வத்திக்கான் சங்கமே விசுவாசிகள் எல்லோரும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. வேதத்தை அறியாதவன் கிறிஸ்துவை அறியாதவன் என்று ஜெரோமைச் சொல்லியே எழுதியிருக்கிறது. உங்கள் போப்பே என் பக்கம்.

முத்துக்குளிப்பான்
1189 உங்கள் 66 புத்தகத்தின் கணக்கு. எங்களுக்கு 73 புத்தகம், அதிகாரமும் கூடும். உங்களை விட அதிகமாக வாசிக்க வேண்டியவன் நான்தான், பாவம்.

சங்கம் "அடிக்கடி வாசியுங்கள்" என்று புத்தி சொன்னது. வாசிக்காதவன் கிறிஸ்தவனே அல்ல என்று தள்ளவில்லை. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் வாசித்து என்ன பயன்? வாசிக்கிறீர்களே, டிசம்பர் 31 ராத்திரி, வருஷத்துக்கு ஒரு வசனம் என்று வாக்குத்தத்த அட்டை எடுப்பதும் வாசிப்புதானா? சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கி ஒன்றை உருவுகிறீர்கள். அழுகையே நிறைந்த புலம்பல் புத்தகத்திலிருந்து ஒரு அட்டை வந்து பார்த்ததுண்டா?

பெரோயன்
புலம்பல் 3:22. போன வருஷம் எனக்கு வந்ததே அதுதான். நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே. வாசிக்காமல் கேலி பண்ணினால் இப்படித்தான் ஆகும்.

நாசரேத் மருமகள்
வாக்குத்தத்த அட்டையைப் பற்றிக் கத்தோலிக்க அண்ணாச்சி பேச வேண்டாம். எங்கள் சபையிலும் கொடுப்பார்கள், நானும் வீட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதேபோல பெரோயன் பிரதர் என்னை அவர் பக்கம் சேர்க்கவும் வேண்டாம். தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டி, ஞானஸ்நானம் எடுத்த எங்கள் பிள்ளைகளை மறுபடி முழுக்காட்டக் கூப்பிடுகிறவர்களோடு எனக்குப் பக்கம் கிடையாது.

பெரோயன்
குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் எங்கே இருக்கிறது சகோதரி? ஒரே ஒரு வசனம்.

நாசரேத் மருமகள்
பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் தன் வீட்டாரோடு எடுத்தான், அப்போஸ்தலர் 16:33. வீட்டாரில் குழந்தை இருக்காதா?

பெரோயன்
குழந்தை இருந்தது என்று எழுதியிருக்கிறதா?

முத்துக்குளிப்பான்
பெரோயாவில் சுருள் "வீட்டில்" இருந்தது என்று எழுதியிருக்கிறதா? பிலிப்பியில் எழுதாததை ஏற்க மாட்டீர்கள், பெரோயாவில் மட்டும் எழுதாததைப் பிரசங்கிப்பீர்கள். அக்கா, நீங்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் நான் அவருக்குச் சொல்கிற பதிலும்.

பெரோயன்
நான் "வீட்டில்" என்று சொல்லவே இல்லை. அந்தப் பிரசங்கியார் சொன்னார். நான் சொன்னது தினந்தோறும்.

முத்துக்குளிப்பான்
அப்படியானால் ரெண்டு நாளாக யாருக்காகச் சண்டை போடுகிறீர்கள்?

பெரோயன்
சத்தியத்துக்காக.

வடலி
நாவலரைப் பற்றிச் சொன்னதை இன்னும் திரும்பப் பெறவில்லை.

தரங்கை லுத்தரன்
73 புத்தகம் என்று பெருமைப்படுகிறவருக்கு: சபை அதை அறுதியாக வரையறுத்ததே 1546இல், திரெந்து சங்கத்தில். லுத்தர் செத்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை.

முத்துக்குளிப்பான்
397இல் கார்த்தேஜ் சங்கத்தில் பட்டியல் போட்டாயிற்று. உங்கள் 1611 கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளிலேயே தோபித்தும் மக்கபேயரும் அச்சாகியிருந்தது. கழற்றியது யார்?

பெரோயன்
1611இல் மக்கபேயரா? சும்மா அடித்துவிடாதீர்கள். படம் போடுங்கள்.

தரங்கை லுத்தரன்
இருந்தது பிரதர். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக. லுத்தரும் 1534இல் அப்படித்தான் வைத்தார்.

பெரோயன்
நீங்கள் யார் பக்கம்?

தரங்கை லுத்தரன்
வேதத்தின் பக்கம்.

முத்துக்குளிப்பான்
படம் நாளைக்குப் போடுகிறேன். அதற்குள் பெரோயாவில் யார் வீட்டில் சுருள் இருந்தது என்று கேட்டு வையுங்கள்.

பெரோயன்
படம் வரட்டும். வந்தாலும் அது அச்சடித்தவன் செய்த தப்பு.