உண்டியலில் காசு போட்டவர்கள்: கிளை வேலையில் கண்ட அனுபவங்கள்

கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமத்தில் மார்க்சிஸ்ட் கட்சிக் கிளையில் இருக்கிறேன். மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். ஏழு பேர் விவசாயக் கூலிகள், இரண்டு பேர் கொத்தனார், ஒருவர் ஆடு வளர்க்கிறார், நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கிளைக் கூட்டம் எப்போதும் மூத்த தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான். ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தபோது பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். மற்ற ஊர்த் தோழர்களும் எழுதுங்கள்.

முதலில் உண்டியல். மாநாடு வரும், டிசம்பர் 25 வெண்மணித் தியாகிகள் நாள் வரும், எங்காவது வெள்ளம் வரும். சிவப்புத் துணி சுற்றிய டப்பாவை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவோம். பெரிய தொகை சேராது. ஆனால் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினால், ஊரில் யாருக்கு நம்மீது என்ன வருத்தம் என்று தெரிந்துவிடும். கூட்டம் போட்டுப் பேசினால் அது தெரியாது.

2019 அக்டோபரில் அப்படிப் போனபோது, வழக்கமாகப் பத்து ரூபாய் போடும் உரக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஏன் தம்பி, உங்க கட்சிக்கு திமுக பத்து கோடி கொடுத்துச்சாமே. அப்புறம் என் பத்து ரூபாய் எதுக்கு?” என்றார். நாடாளுமன்றத் தேர்தல் செலவுக் கணக்கை திமுக தேர்தல் ஆணையத்தில் கொடுத்தபோது, எங்களுக்குப் 10 கோடி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி என்று அதில் இருந்தது. பேப்பரில் எல்லாம் வந்துவிட்டது. தேர்தல் செலவுக்காக வங்கி வழியாக வந்த பணம், மறைக்கவில்லை என்று தலைமை சொன்ன விளக்கத்தையே நானும் சொன்னேன்.

“கணக்கைக் கேக்கல தம்பி. எதுக்கு வாங்குனீங்கன்னு கேக்குறேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரக் கிளைக் கூட்டத்தில் இதை வைத்தேன். ஒரு தோழர் கோபப்பட்டார், அவர் வேறு கட்சிக்காரர், வேண்டுமென்றே கேட்கிறார் என்றார். எங்கள் கிளையின் மூத்த பெண் தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. “பத்து வருசமா காசு போடுற மனுசன். அவரு கேக்காம வேற யாரு கேக்கிறது?” என்றார். கடைசியில், கேள்வியை அப்படியே எழுதிக் கட்சியின் ஒன்றியக் குழுவுக்கு அனுப்புவது, அனுப்பியதை அவரிடம் போய்ச் சொல்வது என்று முடிவானது. போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். அன்று காசு போடவில்லை. அடுத்த ஆண்டு போட்டார்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் போகும் தேர்தல் பத்திரம் வழியாகப் பணம் வாங்க மாட்டோம் என்று எங்கள் கட்சி நின்றதும், அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதும், 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டமே செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் எனக்கு மிகப் பெரிய பெருமை. மறுநாளே உரக்கடைக்குப் போய்ச் சொன்னேன். “நல்ல காரியம்” என்றார். அந்தப் பத்து கோடியை அவர் மறக்கவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்து ரூபாய் போட்டவருக்கு அந்த உரிமை உண்டு. கோடிகளில் கொடுக்கிறவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, நூறு நாள் வேலை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்தது. எங்கள் தெருவில் நின்ற குடிசைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் பத்து நாள் பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சினோம், கீற்று கேட்டு அலைந்தோம். அதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டம். நிவாரணம் இன்று வரும் நாளை வரும் என்றார்கள், கையில் காசு இல்லை, வயலில் வேலை இல்லை. நூறு நாள் வேலை கேட்டால், “எஸ்டிமேட் போடலை, வந்ததும் சொல்றோம்” என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

வேலையை வாயால் கேட்டால் கேட்டதற்குச் சாட்சியே இல்லை. அப்போது படிவம் 6இல் எழுதிக் கேட்டு, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்கு மேல் பாதி. இதை விவசாயத் தொழிலாளர் சங்க வகுப்பில் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி படிவம் நிரப்பினோம். 83 பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். மனுவை வாங்கிக்கொண்டார்கள், ரசீது மட்டும் தர மறுத்தார்கள். பெண்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் கூட இல்லை. கைக்குழந்தைகளோடு காலையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாலரைக்கு 83 ரசீது வந்தது. பன்னிரண்டாம் நாள் வாய்க்காலில் சாய்ந்து கிடந்த மரங்களை அப்புறப்படுத்தும் வேலை தொடங்கியது.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் தோழர் ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்று தோற்றுப்போனார். எனக்குத் தாங்கவில்லை. வாசலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. “எம்ஜிஆர் காலத்துலேருந்து ரெட்டை இலைக்குத்தான் தம்பி போடுறேன். உங்க ஆளு ஜெயிச்சா ஆபீசுக்குள்ள போய் உட்காந்துடுவாரு. எங்ககூட வாசல்ல யாரு உட்காருவா?” என்றார். அந்த அக்கா இன்றைக்கும் மனு எழுத எங்களிடம்தான் வருகிறார். வெண்மணி நாளுக்கும் வருகிறார். கூலி கேட்டுச் சங்கமாகச் சேர்ந்ததற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தது எங்களுக்கு ஏட்டில் படித்த சேதி இல்லை. அக்காவின் தாய்வழியில் அந்தக் கதை வீட்டுக் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது.

*

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, சொந்த ஊர் தேனிப் பக்கம். மாதர் சங்கம் வழியாகக் கட்சிக்கு வந்தேன்.

தோழர் ஓட்டைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறார். எங்கள் கிளையிலேயே பாதிப் பேருக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு ஊரில், உழைப்பு இங்கே. கவுன்சிலருக்கு நின்றவர்கள் எங்கள் லைன் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்கு வந்து, சமைத்து, பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, பத்து மணிக்குத்தான் நாங்கள் கூட்டம் போட முடியும். வீட்டு ஓனர் கண்டால் காலி செய்யச் சொல்வார் என்று முதல் நான்கு மாதம் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே பேசினோம். குடம் நிரம்பும்வரை பேசுவோம். தண்ணீர் மெதுவாக வந்த நாளெல்லாம் நல்ல கூட்டம்.

முதல் கோரிக்கையும் தண்ணீர்தான். பதினெட்டு வீட்டுக்கு ஒரு குழாய். கையெழுத்து வாங்கப் போனால், “நாங்க வெளியூர்க்காரங்க, கேக்கலாமா?” என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை எடுக்க எட்டு மாதம் ஆனது. இரண்டாவது குழாய் போட வந்தவர்கள் இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டார்கள்.

*

அரூர்ப் பக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன். வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்த கொடுமையை வெளியே கொண்டுவந்ததும், வழக்கை விடாமல் நடத்தியதும் எங்கள் மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும். 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள். அரூர் தொகுதியில் 2006லும் 2011லும் ஜெயித்தோம், 2016இல் தோற்றோம். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க எங்களுக்கு ஒரு இடம் கூட இல்லை. அப்போதும் வழக்குக்குப் போவது நிற்கவில்லை. சாட்சி சொன்ன பெண்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய், சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ராத்திரி வீட்டில் கொண்டுபோய் விட்ட தோழர்கள் பலருடைய பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. கிளை வேலை என்றால் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

*

எங்கள் ஊரில் நானும் என் சிநேகிதனும் இரண்டே பேர். கொடிக்கம்பம் கூட இல்லை. எங்கே தொடங்குவது?

*

தம்பி, கீழ்வேளூரிலிருந்து மறுபடி நான்தான். கொடிக்கம்பம் அப்புறம் நட்டுக்கொள்ளலாம். ஊரில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நத்தமா, கோயில் இடமா, மேய்ச்சல் புறம்போக்கா என்று தனித்தனியாக எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. எங்கள் தெரு கோயில் இடம், அதனால் தொகுப்பு வீடு கேட்டாலும் பட்டா எங்கே என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போக ஒரு மாதம் ஆகும். போகும்போது டீ கொடுத்தால் குடியுங்கள், எந்தத் தெருவாக இருந்தாலும்.

அது முடிந்ததும் வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது தனியாகப் போக வேண்டாம், அந்தந்த வீட்டுக்காரர் கையாலேயே கொடுக்க வையுங்கள். ரசீதை ஜெராக்ஸ் எடுத்து அவர்களிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. எங்கள் 83 ரசீதும் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.