80 ரூபாயிலேயே நிற்கும் மனசு

கேத்திக்காரன்:
போன மாதம் மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் கிலோ 80-க்குப் போனது, இப்போது 45 தான். செலவுக்கு மேலே கையில் நிற்கும், ஆனாலும் நட்டம் மாதிரியே இருக்கிறது. பிடுங்காமல் விட்டதில் வெடிப்பு விழ ஆரம்பித்துவிட்டது. ஏன் இப்படி?

குன்னூர் டீ:
80 மனதில் அடித்த முளை. 1974-ல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் எழுதியது: ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று ஊகிக்கச் சொன்னபோது, சக்கரம் சுழற்றி 10 விழுந்தவர்கள் 25 சதவீதம் என்றார்கள், 65 விழுந்தவர்கள் 45 சதவீதம் என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே அந்த இழுப்பு!

கோத்தகிரி:
இதே கேரட்டை இன்று 45-க்கு வாங்கி வைத்துக் காத்திருப்பீர்களா? மாட்டீர்கள்தானே, அப்புறம் என்ன, பிடுங்குங்கள்.

கேத்திக்காரன்:
சரி, நாளைக்கு ஆள் சொல்லியாச்சு. ஒரு பாத்தி மட்டும் விட்டு வைக்கிறேன், சிரிக்காதீர்கள்.