அம்மாவின் கால் அரிப்பு

சுமதி: ராத்திரி முழுக்க அம்மா தூங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரே அரிப்பு. படம் போட்டிருக்கிறேன்.

பெரியக்கா: ஐயோ, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறதே

பெரியக்கா: அழுக்குத்தான் அது. வெந்நீர் விட்டு, சோப்புப் போட்டு, நாரால் நன்றாகத் தேய். இங்கே இருந்தபோது நான் தினமும் தேய்ப்பேன்.

முரளி: இப்போது தேய்க்க ஆளில்லை போல

சுமதி: அதற்கு என்ன அர்த்தம் முரளி?

கவிதா: சித்தி, தேய்க்கவே தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை, பாட்டியின் மேல்தோல். அதன் வெளி அடுக்கில் இருப்பதெல்லாம் செத்த செல்கள், ஆனால் காவலுக்கு நிற்பதே அவைதான். 15, 20 வரிசை செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், இடையில் கொழுப்புப் பூச்சு. அதுதான் உடம்பின் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது, கிருமியை வெளியே நிறுத்துகிறது. அத்தனை வரிசையும் சேர்ந்து ஒரு தாளின் கனம்கூட வராது!

கவிதா: வயதானால் அந்தக் கொழுப்பு குறையும். வெந்நீரும் சோப்பும் மிச்சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் வறண்டு விரிசல் விடும், அரிக்கும், சொறியச் சொறியக் கிருமி உள்ளே போகும்.

பெரியக்கா: உன்னையும் தேய்த்துத்தான் வளர்த்தேன்

கவிதா: சின்ன வயதில் மேல்தோல் ஏறக்குறைய 4 வாரத்தில் புதிதாகிவிடும் அம்மா. பாட்டிக்கு இன்னும் நாளாகும்.

முரளி: என் சார்ஜர் அங்கே இருக்கிறதா?

சுமதி: டிவி பக்கத்தில்

முரளி: சரி. இப்போது என்ன செய்ய வேண்டும் கவிதா?

கவிதா: வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத களிம்பு தடவ வேண்டும். நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

சுமதி: ஒரு இடத்தில் ரத்தம் கசிகிறது

கவிதா: மேல்தோலில் ரத்தக்குழாயே கிடையாது சித்தி. ரத்தம் வந்தால் கீறல் அதையும் தாண்டிவிட்டது. டாக்டரிடம் காட்டிவிடலாம். சிவந்து, சூடாகி, வீங்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

பெரியக்கா: யார் கூட்டிப்போவது?

முரளி: சனிக்கிழமை பார்க்கிறேன்

சுமதி: போன தடவையும் இதையேதான் சொன்னாய்

பெரியக்கா: சண்டை வேண்டாம். அம்மாவிடம் போனைக் கொடு.

சுமதி: களிம்பு தடவினேன், இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள்

பெரியக்கா: எழுப்பாதே. நாரை எடுத்துப் போட்டுவிடு.

முரளி: சார்ஜரை எடுத்து வை அக்கா, வரும்போது வாங்கிக்கொள்கிறேன்

சுமதி: சனிக்கிழமைதானே?