தனியாக வளரும் பெண் காக்கட்டீல் ஓயாமல் முட்டையிடுகிறது: முட்டைகளை எடுத்துவிடலாமா?

மணிச்சிறகு (கேள்வி)

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி வகை). பெண், வயது மூன்று. ஆண் பறவை எதையும் அது பார்த்ததுகூட இல்லை. அப்படியிருந்தும் முட்டையிடுகிறது, அதுவும் ஓயாமல். போன சுற்றில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொன்றாக வைத்தது. கூமுட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் அவ்வப்போதே எடுத்து அப்புறப்படுத்திவிட்டார்கள். நான்கு முதல் ஏழு முட்டைகளோடு நின்றுவிடும் என்று படித்திருந்தேன். இது பத்தைத் தாண்டிய பிறகுதான் ஓய்ந்தது. உடம்பு தேறுவதற்குள் மறுபடி தொடங்கிவிட்டது.

இப்போது கூண்டின் பின்மூலையில் இரண்டு முட்டைகள் கிடக்கின்றன. முதலாவது நன்றாக இருக்கிறது. இரண்டாவதன் ஒரு முனையில் ஓடு சொரசொரவென்று, விரல் பட்டால் அமுங்கிவிடும்போல் மெல்லியதாக இருக்கிறது. கையைக் கொண்டுபோனால் கொண்டையைப் பின்னுக்குச் சாய்த்துச் சீறுகிறது. எச்சமும் மாறிவிட்டது: நாளுக்கு இரண்டு மூன்று தடவைதான், ஆனால் பெரிதாக, நாற்றத்தோடு.

இந்த முட்டைகளை எடுப்பதா, விடுவதா? துணைக்கு ஓர் ஆண் வாங்கிவிட்டால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? மெல்லிய ஓட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

வேலியோரம்

ஏக்கம்தான் காரணம். ஜோடி சேர்த்துவிடுங்கள், இயற்கையாக அடங்கிவிடும். என் பறவைகள் ஜோடியாகத்தான் இருக்கின்றன, ஒரு தொல்லையும் இல்லை.

கூண்டுத்தச்சன்

அம்மா, ஆண் வாங்கும் யோசனையைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள். ஆண் வந்தால் முட்டை நிற்காது. கூமுட்டை போய்க் கருக்கூடிய முட்டை வரும், அவ்வளவுதான். ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து வற்றிக்கொண்டிருக்கும் பறவைக்குக் குஞ்சு வளர்க்கும் சுமையும் சேர்ந்துவிடும். வேலியோரம் வீட்டுப் பெண் பறவைக்குக் கூடுபெட்டி இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை முறை அடை படுக்கிறது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

முட்டையை எடுக்கவே எடுக்காதீர்கள். காக்கட்டீலுக்கு இத்தனைதான் என்று வயிற்றில் எண்ணி வைத்த கணக்கு கிடையாது. வயிற்றடியில் போதுமான முட்டைகள் படுவதை உணர்ந்த பிறகுதான் உடல் முட்டையிடுவதை நிறுத்தி அடைகாப்பதற்கு மாறும். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வைக்கும். போன சுற்று பத்தைத் தாண்டியது அதனால்தான். கோழிப் பண்ணையில் தினமும் முட்டை சேகரிப்பதும் இதே இயல்பை நம்பித்தான்.

கிடக்கும் இரண்டையும் அப்படியே விடுங்கள். மெல்லிய ஓட்டு முட்டை உடைந்து கூண்டை நாறடித்துவிடும் என்று தோன்றினால், அதே அளவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த போலி முட்டையை வைத்துவிட்டு அதை எடுங்கள். நான்கைந்து போலி முட்டைகளை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் சில பறவைகள் அத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இயல்பான அடைகாலம் 18 முதல் 21 நாள். பொரிக்காத முட்டையில் சலிப்புத் தட்டி அதுவாகவே எழுந்து போகும்வரை விட்டுவிட வேண்டும்.

இது முதலுதவிதான். வேர் வேறெங்கோ இருக்கிறது. எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள்? வெளியே விடும்போது எங்கே போய் நுழைகிறது? யார், எங்கே தடவிக் கொடுக்கிறார்கள்? கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

மணிச்சிறகு

ஐயா, நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். கூண்டு வரவேற்பறையில் இருக்கிறது. தொலைக்காட்சி அணைய இரவு 11 மணி ஆகிவிடும், காலை 6 மணிக்கெல்லாம் வெளிச்சம். வெளியே விட்டால் நேராகப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டுக்குத்தான் போகும். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே பின்பக்கமாகவே நகர்ந்து நுழைந்து, இறக்கையை லேசாகத் தூக்கிக்கொண்டு, எட்டும் தாளின் ஓரத்தைச் சன்னச் சன்னமாகக் கிழித்து அடியில் தள்ளும். அப்பா மடியில் வைத்து முதுகிலிருந்து வால்வரை நீவிக் கொடுப்பார். அது வாலைத் தூக்கிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று முனகும், அவருக்கு அதில் பெருமை. கிண்ணத்தில் எப்போதும் விதைகள், பெரும்பாலும் சூரியகாந்தி. கூண்டில் ஒரு கண்ணாடி, தூங்குவதற்குத் துணிக் கூடாரம்.

கூண்டுத்தச்சன்

பாதி நோய் இந்தப் பதிலிலேயே இருக்கிறது.

காக்கட்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. அங்கே மழை பெய்து புல்விதை மிகுந்தால்தான், தண்ணீருக்குப் பக்கத்து மரப்பொந்தில் முட்டையிடும். நீண்ட பகல், தட்டாத தீனி, இருட்டுப் பொந்து, ஒரு துணை என்று அதன் உடல் எதிர்பார்க்கும் அடையாளங்கள் எல்லாம் உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. உங்கள் பறவைக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. அது கண்ட சேதியைச் சரியாகத்தான் படிக்கிறது.

பொந்து: அலமாரிக் கீழ்த்தட்டை அடைத்துவிடுங்கள். சோபா அடி, துணி அடுக்கு, அட்டைப்பெட்டி எதுவும் கூடாது. துணிக் கூடாரம் இருக்கவே கூடாது. அதன் நூலை விழுங்கித் தொல்லைப்படும் பறவைகளும் உண்டு. கூண்டைப் பகலில் துணியால் பாதி மூடி வைப்பதும் குகைதான். முகம் பார்க்கும் கண்ணாடியையும் எடுங்கள், அதில் தெரியும் உருவத்தைத் துணை என்றே எடுத்துக்கொள்ளும்.

வெளிச்சம்: தொடர்ச்சியாக 12 முதல் 14 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி ஓடும் அறையில் கூண்டுக்குமேல் போர்வை போட்டு இதை ஈடுகட்ட முடியாது. சத்தமில்லாத அறைக்கு இரவில் மாற்றுங்கள்.

கை: உங்கள் அப்பாவுக்குச் சொல்வதுதான் கடினம் என்று நினைக்கிறேன். முதுகையும் வாலடியையும் இறக்கைக்கு அடியிலும் தடவுவது பெண் கிளிக்கு ஆண் இணை சேரும் தொடுகை. வாலைத் தூக்கி முனகுவது அதற்கான பதில். தலையும் கழுத்தும் மட்டும் போதும். அங்கே நீவினால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத்தான் நிற்கும்.

தீனி: கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையைக் குறைத்து பெல்லட் (சத்துகள் கலந்து செய்த குருணைத் தீவனம்), கீரை, காய்கறிக்கு மாற்ற வேண்டும். ஆனால் இன்றைக்கே அல்ல. முட்டை உருவாகிக்கொண்டிருக்கும்போது உணவைக் குறைத்தால் பறவைதான் தாங்காது. இந்தச் சுற்று முடியட்டும்.

சிறகு மருத்துவம் (பறவை மருத்துவர்)

மேலே சொன்னவை சரி. எனக்குக் கவலை தருவது அந்த இரண்டாவது முட்டை. மெல்லிய ஓடோ தோல்முட்டையோ (ஓடு கட்டாமல் தோல்போல் வரும் முட்டை) வந்தால் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை கருப்பாதையில் இருப்பது ஏறக்குறைய ஒரு நாள். அதில் பெரும் பங்கு ஓடு கட்டுவதற்கே போகிறது. உணவில் கால்சியம் போதவில்லை என்றால் எலும்பிலிருந்து எடுக்கும். விதை மட்டும் தின்னும் பறவைக்கு உணவில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி.

கால்சியம் குறைந்தால் ஓடு மெலிவதோடு நிற்காது. முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் அதே சத்துதான் வேண்டும். அதனால்தான் இத்தகைய பறவைகளுக்கு முட்டை உள்ளேயே தங்கிவிடுகிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருப்பது, முக்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, கால் தளர்வது, எச்சம் நின்றுபோவது: இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம், அது அவசரநிலை. மருத்துவரிடம் கொண்டுபோகும்வரை 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் கதகதப்பில், சற்று ஈரப்பதத்தோடு வையுங்கள். வயிற்றை அமுக்குவது, எண்ணெய் விடுவது, தெரியும் முட்டையை இழுப்பது எதுவும் செய்யாதீர்கள். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போதைக்குக் கடல் நுரையை (கணவாய் மீனின் ஓடு) கூண்டில் கட்டுங்கள். வெயில் படட்டும், ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக அல்ல. வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நிழலுக்கு ஒதுங்க இடம் விடுங்கள். கால்சியம், வைட்டமின் டி3 மருந்துகளை உங்கள் கணக்கில் ஊற்றாதீர்கள். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். எவ்வளவு என்பதைப் பறவையைப் பார்த்தவர் சொல்லட்டும். இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

சுற்றுப்புறத்தை மாற்றியும் அடங்காத பறவைகளுக்கு லுப்ரோலைடு ஊசியோ, தோலுக்கு அடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மருந்தோ உண்டு. ஹார்மோனைத் தற்காலிகமாக அடக்கிவைக்கும். நாய், பூனைக்குச் செய்வதுபோன்ற கருத்தடை அறுவை பறவைக்கு எளிதல்ல; அதைக் கடைசி வழியாகத்தான் நினைப்போம்.

வேலியோரம்

என்னிடம் கேட்டதற்குப் பதில்: ஆம், கூடுபெட்டி இருக்கிறது, ஆண்டு முழுவதும் தொங்குகிறது. கழற்றலாமா என்று யோசிக்கிறேன்.

மணிச்சிறகு (பின்னர்)

மருத்துவரிடம் காட்டினோம். கால்சியம் ஊசி போட்டு, வாய்வழி மருந்தும் தந்தார். அடுத்து வந்த முட்டைகளின் ஓடு கெட்டியாகவே இருந்தது. போலி முட்டைகளைச் சேர்த்தோம்; சீக்கிரமே முட்டையிடுவதை நிறுத்தி அடைக்குப் படுத்துவிட்டது. அப்பாவை மட்டும் இன்னும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை, "தலையை மட்டும் தடவுவது ஒரு தடவலா" என்கிறார்.

இப்போது தின்பதற்கு நெடுநேரம் வெளியே வருகிறது, முட்டைப் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கலாமா?

கூண்டுத்தச்சன்

ஓர் இரவு முழுவதும் முட்டையை விட்டுக் கம்பில் தூங்கினால் எடுக்கலாம். அது வேறு அறையில் இருக்கும்போது மொத்தமாக எடுங்கள். அன்றைக்கே கூண்டின் இடத்தையும் உள்ளே கம்புகள் இருக்கும் வரிசையையும் மாற்றிவிடுங்கள், பழைய மூலை பழைய மூலையாகத் தெரியக் கூடாது. சூரியகாந்தியை அதற்குப் பிறகு சிறிது சிறிதாகக் குறையுங்கள்; பெல்லட்டைத் தின்னாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு, ஆகவே கிராம் தராசில் தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். காக்கட்டீல் பொதுவாக 80 முதல் 100 கிராம் இருக்கும். எடை இறங்கிக்கொண்டே போனால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். வேலியோரம், நீங்கள் கூடுபெட்டியை இன்றே கழற்றுங்கள்.