கதீட்ரல் கொயர்ல பொண்ணுங்க பாடினா சத்தம் மாறிடுமா?

சுருதிப்பெட்டி:
இங்கிலாந்துல இருக்கேன், மகளுக்கு 8 வயசு. பக்கத்து கதீட்ரல்ல (பெரிய சர்ச்) கொயருக்கு, அதான் பாடற குழுவுக்கு, வாய்ஸ் ட்ரையல் (குரல் தேர்வு), பொண்ணுங்களும் வரலாம்னு போட்டிருக்காங்க, இவ குதிச்சிட்டு இருக்கா. ஆனா ஆபீஸ்ல ஒரு பெரியவர், பையன் குரல்ல வர்ற அந்த சுத்தம் பொண்ணுக்கு வராதும்மா, காலங்காலமா பசங்க மட்டும் பாடறத எதுக்கு கலைக்கணும்ங்கறார். எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம் கர்நாடக சங்கீதம்தான். நிஜமாவே வித்தியாசம் கேக்குமா?

பழையகொயர்:
அவரை கண்ண மூடிக்கிட்டு கேக்கச் சொல்லுங்க சிஸ்டர் 😄 வெல்ஸ்ங்கற ஊர் கதீட்ரல் பிள்ளைங்க பாடினத வச்சே இத ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, பாடறது பையனா பொண்ணான்னு சொல்லாம போட்டுக் காட்டினா நிறைய பேர் தப்பா சொல்லிருக்காங்க, அதுவும் பாட்டுக்குப் பாட்டு மாறுதாம். ஒரே வாத்தியார், ஒரே கல் கட்டடம், தினமும் ப்ராக்டீஸ்னா குரல் அந்த வார்ப்புக்கு வந்துரும். அப்புறம் இதெல்லாம் நேத்து வந்த விஷயமும் இல்ல. எடின்பரோ செயின்ட் மேரிஸ் கதீட்ரல்ல 1978லயே பசங்களோட பொண்ணுங்களையும் சேத்துட்டாங்க, சால்ஸ்பரில 1991ல பொண்ணுங்களுக்குன்னே தனி கொயர், கான்டர்பரி 2014. லண்டன் செயின்ட் பால்ஸ்தான் ரொம்ப லேட்டு, 2024ல தான் முதல் பொண்ணுங்க முழு கோரிஸ்டர் (கொயர்ல பாடற பிள்ளை) ஆனாங்க.

மாடிப்படி:
பெரியவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குங்க, குரல் விஷயத்துல இல்ல, பசங்க விஷயத்துல. என் பையன் பாடினவன். ஒரே வரிசைல பொண்ணுங்க வந்து நின்னா சில பசங்க "இது பொண்ணுங்க வேலை"ன்னு நழுவிடறானுங்க, அசட்டுத்தனம்தான், ஆனா நடக்குது. அதனாலதான் பல இடத்துல ரெண்டு கொயரா வச்சு ஒரு நாள் இவங்க ஒரு நாள் அவங்கன்னு ஈவன்சாங் (சாயங்கால பாட்டு வழிபாடு) பாட விடறாங்க. பையனுக்கு 13 வயசு வாக்குல குரல் உடைஞ்சா மேல் ஸ்தாயி அதோட முடிஞ்சுது, பொண்ணுங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்ல, ஈலி கதீட்ரல்ல பொண்ணுங்க கொயரே 13லேர்ந்து 18 வரைக்கும்தான். உங்க பொண்ணுக்கு 8 வயசுதானே, அவசரமே இல்ல. வாரத்துல எத்தன நாள், கிறிஸ்துமஸ் அன்னிக்கு யாரு பாடறாங்க, ரெண்டு கொயருக்கும் ஸ்காலர்ஷிப் ஒண்ணுதானான்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க. பேருக்கு சமம்னு வச்சுட்டு நல்ல நாளெல்லாம் பசங்களுக்கே குடுத்துட்டா என்ன பண்றது.

சுருதிப்பெட்டி:
ரெண்டு பேருக்கும் தேங்க்ஸ். இன்னிக்கு போயிட்டு வந்தோம். பியானோல மூணு நோட் சேத்து அடிச்சு நடு நோட்ட மட்டும் பாடுன்னாங்க, இவ மேல் நோட்ட பிடிச்சிட்டா, பாதியில தானே நிறுத்தி "இல்ல, இது இல்ல"ன்னு மறுபடி சரியா பாடினா. பியானோ வாசிச்சவர் சிரிச்சுக்கிட்டே எதையோ எழுதிக்கிட்டார், என்ன எழுதினாரோ. ஸ்காலர்ஷிப் ரெண்டுக்கும் ஒண்ணுதானாம், கிறிஸ்துமஸ் மாறி மாறி வருமாம். இப்ப அவளோட ஒரே கவலை, கழுத்துல போடற அந்த மடிப்பு மடிப்பான வெள்ளை காலர் குத்துமா?

மாடிப்படி:
குத்தும். என் பையன் மூணு வருஷம் சொறிஞ்சான்.