தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் வெறுப்புப் பேச்சு வழக்கா?

வைகைக்கரை:
எங்கள் பேரூராட்சியில் இந்தக் கோடை முழுக்கத் தண்ணீர்ப் பிரச்சினை. தலைவரின் சாதிக்காரர்கள் இருக்கும் தெருக்களுக்கு மட்டும் டேங்கர் லாரி போகிறது, காலனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று என் சித்தப்பா மகன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். உடனே தலைவர் தரப்பில் புகார் கொடுத்து, இரு பிரிவினரிடையே பகையைத் தூண்டியதாக பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 196-ஆவது பிரிவில் எஃப்ஐஆர் போட்டுவிட்டார்கள், செல்போனையும் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிவை அழித்துவிட்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். கொடுக்கலாமா?

கருப்புக்கோட்டு:
வக்கீலைப் பார்க்காமல் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். தப்பை ஒத்துக்கொண்டதாக அதையே காட்டுவார்கள், சமரசமாகப் போய் முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவும் இல்லை இது. பதிவையும் அழிக்காதீர்கள், முன்னும் பின்னும் வந்த செய்திகளோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 196 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ தான். மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீன் கொடுப்பதும் நீதிமன்றத்தின் கையில்.

தெற்குத்தெரு:
சட்டத்தையே குறை சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கம் சாதியைச் சொல்லித் திட்டி ஆடியோ அனுப்பித்தான் ஒவ்வொரு மோதலும் ஆரம்பிக்கிறது, அப்போது கைகொடுப்பது இந்தப் பிரிவுதான். தம்பி சாதியை இழுத்துத்தானே எழுதியிருக்கிறார்?

கருப்புக்கோட்டு:
சாதியைச் சொன்னதாலேயே குற்றமாகிவிடாது, அண்ணே. ஷில்லாங்கில் பத்திரிகை ஆசிரியர் பட்ரிசியா முகிம் வழக்கைப் பாருங்கள். 2020 ஜூலையில் கூடைப்பந்து மைதானத்தில் பழங்குடியல்லாத இளைஞர்களை அடித்தார்கள். குற்றவாளிகளை ஏன் பிடிக்கவில்லை என்று முதலமைச்சரையும் போலீசையும் ஊர் மன்றத்தையும் கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார். ஊர் மன்றம் புகார் கொடுக்க, 153ஏ போட்டார்கள். மேகாலயா உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. 2021 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடி, பழங்குடியல்லாதவர் என்று பிரித்துச் சொல்லித்தான் அவர் எழுதியிருந்தார், ஆனாலும் அது அதிகாரிகளின் அலட்சியத்தைக் கண்டித்து, எல்லோருக்கும் சமமான நீதி கேட்ட பதிவு என்றது நீதிமன்றம். வைகைக்கரையின் தம்பி கேட்டதும் சமமாகத் தண்ணீர் விடச் சொல்லித்தான். தலைவர் ஒரு பதவியில் இருப்பவர், அவரைக் கேள்வி கேட்டால் அவருடைய சாதியையே தாக்கியதாகத் திருப்புகிறார்கள் பாருங்கள், இந்தப் பிரிவைத் தவறாகப் பயன்படுத்தும் வழியே அதுதான். நீங்கள் சொல்லும் ஆடியோவில் ஒரு சாதியின் மேல் இன்னொரு சாதியை ஏவிவிடும் நோக்கம் இருக்கும். இதில் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது?

வைகைக்கரை:
சரி, அப்படியானால் போலீஸ் எஃப்ஐஆர் போட்டதே தப்புதானே?

கருப்புக்கோட்டு:
காங்கிரஸ் எம்பி இம்ரான் பிரதாப்கரி ஒரு கவிதைக்காகச் சிக்கிய வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளில் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்க்க பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3) இடம் கொடுக்கிறது, பேச்சு எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் அதைச் செய்வதே சரி என்றார்கள். அதைச் செய்தார்களா என்று வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அரசு முன் அனுமதி கொடுக்காமல் நீதிமன்றம் இந்த வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியாது என்பதும் உண்மை, ஆனால் அந்த அனுமதி எஃப்ஐஆருக்குத் தேவையில்லை, அதற்குள் போன் போய், வேலை போய், பையன் பயந்து வாயை மூடிவிடுகிறான். அதனால் காத்திருக்காதீர்கள். முதலில் முன்ஜாமீன் போடுங்கள், அப்புறம் பிஎன்எஸ்எஸ் 528-இல் எஃப்ஐஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் மனு. போனை வாங்கியதற்கு ரசீது கொடுத்தார்களா?