மறு: ‘சோக்’ = ‘காற்றடைப்பான்’? பட்டியலில் ஏற்றும் முன்

ஏற்காட்டிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பழைய கார் சொற்பட்டியலில், ஸ்டார்ட் செய்யும்போது ஓட்டுநர் இழுக்கும் குமிழான ‘சோக்’குக்குக் ‘காற்றடைப்பான்’ என்று போட்டிருக்கிறீர்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்கள் சிலவற்றில் வாயருகே ஒரு தகடு உண்டு. குமிழை இழுத்தால் அது மூடிக்கொள்ளும், காற்று குறையும். அங்கே உங்கள் சொல் சரி. 1489 சிசி அம்பாசடரில் வந்த எஸ்.யூ. என்ற கார்புரேட்டரில் அந்தத் தகடே கிடையாது. குமிழை இழுத்தால், பெட்ரோல் வரும் குழலான ஜெட் கீழே இறங்கும். அதற்குள் நிற்கும் கூம்பு ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகம் வரும். காற்றை எதுவும் அடைப்பதில்லை. சோலெக்ஸ் கார்புரேட்டர்கள் பலவற்றிலோ பக்கவாட்டில் ஒரு குட்டி கார்புரேட்டரே இருக்கிறது. குமிழ் அதன் வட்டைத் திருப்பித் திறந்துவிடும்.

போதாததற்கு, கார்புரேட்டரின் இடுங்கிய கழுத்துக்கும் ‘சோக் குழாய்’ என்று பெயர். டியூப்லைட் சோக்கை நான் எடுக்கவே இல்லை.

சேலத்திலிருந்து:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். செய்யும் வேலையை வைத்துச் ‘செறிவூட்டி’ எனலாமா?

ஏற்காட்டிலிருந்து:

ரேஷன் கடை அரிசி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. பெட்ரோல் மிகுந்ததைக் ‘கொழுத்த கலவை’ என்றும், குறைந்ததை ‘மெலிந்த கலவை’ என்றும் சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கிறது. ஆனால் ‘கொழுப்பி’ என்று கருவிக்குப் பெயர் வைத்தால் பட்டறையில் சிரிப்பார்கள். ஓட்டுநர் கை படுவதைக் ‘கலவைக் குமிழ்’ என்போம். உள்ளே இருப்பவற்றைக் காற்றுமூடி, ஜெட் இறக்கி, தொடக்க வட்டு என்று பிரித்துவிடலாம்.

சேலத்திலிருந்து:

‘குளிர்த் தொடக்கக் குமிழ்’ இன்னும் தெளிவு இல்லையா?

ஏற்காட்டிலிருந்து:

சித்திரை மாதம் சேலத்தில் காலை முதல் ஸ்டார்ட்டுக்கும் குமிழை இழுக்கிறோமே, அங்கே ஏது குளிர்? எஞ்சின் ஆறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ‘ஆறின எஞ்சின்’ என்றே எழுதலாம். ஆறிய உலோகத்தில் பெட்ரோல் ஆவியாகாமல் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாய்ப் படிகிறது. சிலிண்டருக்குள் போவது மெலிந்த கலவை. அதை ஈடுகட்டத்தான் குமிழ். மார்கழி விடியலில் மலையில் இந்தக் குறை இன்னும் பெரிது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஆவியாக அதிக வெப்பம் கேட்பதால் தொல்லை கூடும்.

பதிவுக்கு இந்த வரைவு:

கலவைக் குமிழ்: ஆறின எஞ்சினுக்குக் கொழுத்த கலவை தரும் இழுகுமிழ். பல நாள் நின்ற வண்டியில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை வற்றியிருக்கும். பெட்ரோல் பம்பின் கைநெம்பை அழுத்தம் தளரும்வரை அசைக்க வேண்டும். தொடக்கத்திலேயே நெம்பு வெறுமனே ஆடினால் எஞ்சினைச் சற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பார்க்கவும். குமிழை முழுக்க இழுத்து, கிளட்சை மிதித்து (கியர் ஆயில் கெட்டியாய் இருப்பதால் ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையும்), 5 நொடிக்கு மேல் சுற்றாமல் விட்டுவிட்டுச் சுற்றவும். எஸ்.யூ.வில், பெடலை மிதித்ததும் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலேட்டர் பம்ப் இல்லை. பெடலை உதைத்தால் ஒரு சொட்டும் வராது. தொடக்க வட்டு உள்ளதில் பெடலை மிதித்தால் உறிஞ்சு விசை செத்துப்போகும். எஞ்சின் பிடித்ததும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளவும். எஸ்.யூ.வில் இழுப்பின் முதல் பகுதி ஜெட்டைத் தொடாது, ஐட்லிங்கை (பெடலை விட்ட நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்தை) மட்டும் உயர்த்தும், அங்கே நிறுத்தலாம்.

பெட்ரோல் வாசம் அடித்தால் குமிழை உள்ளே தள்ளி, பெடலை முழுக்க மிதித்தபடி சுற்றவும். பிளக் நனைந்திருந்தால் கழற்றித் துடைக்கவும்.

சேலத்திலிருந்து:

சேலத்துக்கு ஒரு பழக்கம், மலைக்கு ஒரு பழக்கம் என்றும் சேர்க்கலாமா?

ஏற்காட்டிலிருந்து:

சேர்க்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு. சேலத்தில் ட்யூன் செய்த வண்டி இங்கே ஏற்கெனவே கொழுத்த கலவையில்தான் ஓடும். குமிழை அங்கேவிட முன்னதாகவே தள்ள வேண்டும். மறந்தால் சைலன்சரில் கரும்புகை, பிளக்கில் கரி. வடிந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். ஆயில் அளவுகோலை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

‘சோக்’கை அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுங்கள். ‘கலவைக் குமிழ் கேபிள்’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தரமாட்டார்கள்.